நாற்றுக்கு முன்னால் ஆள் வேண்டும்: சிறைத் தோட்டம் பற்றிய வாசகர் கேள்விகள்

சிறைவாசிகளுக்காகத் தோட்டம் தொடங்குவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் சேர்த்து விடையளிக்கிறோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: நான் நாற்றங்கால் நடத்துகிறேன். மழைக்காலம் முடிந்தபின் குரோட்டன்ஸ், செம்பருத்தி, அரளி, கொய்யா என நூற்றுக்கணக்கான செடிகள் விற்காமல் தேங்கிவிடுகின்றன. அவற்றை அருகிலுள்ள மத்திய சிறைக்குக் கொடையாகக் கொடுத்து, அங்குள்ளவர்களுக்குத் தோட்டப் பயிற்சியும் தொடங்க விரும்புகிறேன். யாரை அணுக வேண்டும்? எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: தங்கள் எண்ணம் நல்லது. ஆனால் செடிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சிறை வாயிலுக்குச் செல்வதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். சிறைத் தோட்டத்துக்குச் செடி கிடைப்பது எளிது. வனத்துறை நாற்றங்கால், தோட்டக்கலைத் துறையின் பண்ணை, தங்களைப் போன்ற தனியார் என யாரைக் கேட்டாலும் ஓரளவு கிடைத்துவிடும். வாரத்தில் ஒரு நாளாவது குறித்த நேரத்தில் உள்ளே வந்து, குறைந்தது ஓராண்டுக்கு வரவை நிறுத்தாமல் கற்றுக்கொடுக்கும் ஆள் கிடைப்பதுதான் அரிது. அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் இறக்கப்படும் செடிகள் முதல் கோடையிலேயே காய்ந்துபோகும். அதன்பின் அடுத்த விண்ணப்பத்தோடு வருபவரைச் சிறை அலுவலர்கள் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள்.

ஆகவே முதலில் ஆளை முடிவு செய்யுங்கள். அது தாங்களாகவே இருக்கலாம். ஓய்வு பெற்ற தோட்டக்கலை அலுவலராகவும் இருக்கலாம். தாங்கள் வர இயலாத வாரத்தில் வரப்போகும் மாற்று ஆளையும் அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரே பக்கத்தில் விண்ணப்பம் எழுதுங்கள். வருபவர் யார், எந்த நாளில் எத்தனை மணிக்கு வருவார், எத்தனை பேருக்குப் பயிற்சி, என்னென்ன கருவிகள் தேவை, தண்ணீர் எங்கிருந்து வரும், விளைந்தது எங்கே போகும், தாங்கள் விலகிவிட்டால் தோட்டத்தை யார் தொடர்வார் என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். தம் அதிகார வரம்புக்கு மேற்பட்டவற்றை அவரே சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் மேலிடத்துக்கு அனுப்பி ஒப்புதல் பெறுவார். கொடுக்கப்போகும் செடிகளைப் பற்றி அந்தக் கடிதத்தில் இரண்டு வரி எழுதினால் போதும்.

எந்தச் சிறை என்பதும் முக்கியம். புழல், வேலூர், கடலூர், திருச்சி போன்ற மத்திய சிறைகளில் தண்டனை பெற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் இருப்பார்கள் என்பதால், ஒரு கொய்யாவை நட்டவரே அதன் முதல் காயைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. கிளைச் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். இன்று இருப்பவர் நாளை பிணையில் போய்விடலாம். வேறு சிறைக்கும் மாற்றப்படலாம். அங்கே 25 நாளில் அறுவடைக்கு வரும் சிறுகீரையைத் தவிர வேறு எதைத் தொடங்கினாலும் நட்டவர் ஒருவர், பறிப்பவர் வேறொருவர் என்றுதான் ஆகும்.

இனித் தங்கள் பட்டியலுக்கு வருவோம். அரளியை அடியோடு நீக்கிவிடுங்கள். செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டுமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு கொண்டவை. மன உளைச்சலில் இருப்பவர்கள் வாழும் இடத்தில் அவற்றுக்கு இடமே இல்லை. ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி ஆகியவற்றுக்கும் இதுவே விதி. குரோட்டன்ஸ் நடுவதில் பெரிய தீங்கில்லை, பயனும் இல்லை. அலுவலக முகப்புக்கு அழகு சேர்க்குமே தவிர யாருக்கும் தொழில் கற்றுத்தராது. செம்பருத்தியைக் கொடுப்பதற்கு முன் இலையடியையும் தளிர்க் கணுக்களையும் பாருங்கள். 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என ஒன்றுவிடாமல் பரவிய பப்பாளி மாவுப்பூச்சிக்குச் செம்பருத்தியும் பிடித்தமான வீடு. விற்காமல் தேங்கிய செடியில் மாவுப்பூச்சியும், அதன் வேரில் நூற்புழுவும், பையிலுள்ள மண்ணில் பார்த்தீனிய விதையும் இருக்க வாய்ப்பு மிகுதி. உள்ளே செல்லும் எந்தச் செடியையும் இரண்டு வாரமாவது தனியே நிறுத்திக் கவனித்த பிறகே நட வேண்டும்.

மண் நிரம்பிய பைகளால் இன்னொரு தொல்லையும் உண்டு. வாயிலில் நடக்கும் சோதனையில் ஒவ்வொரு பையையும் கம்பியால் குத்திப் பார்க்காமல் உள்ளே விட மாட்டார்கள், விடவும் கூடாது. பைக்குள் கைப்பேசியையோ புகையிலையையோ புதைப்பது பெரிய வித்தை இல்லை. அனுமதியில்லாத பொருளை உள்ளே கொண்டுசெல்வது 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டப்படி குற்றம். தங்கள் வண்டியில் வேறு யாரோ வைத்த ஒரு பொட்டலத்துக்குத் தாங்கள் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வரக்கூடாது. ஆகவே பைச் செடிகளைக் குறைத்து, தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டு நாற்றுகளாகவும், விதைகளாகவும், வேர்விடும் தண்டுக் குச்சிகளாகவும் கொடுங்கள். சோதனை விரைவில் முடியும். விதையிலிருந்து நாற்று வளர்ப்பதையும் உள்ளிருப்பவர்களே கற்றுக்கொள்வார்கள். ஒருவரது கொடையை நம்பி நிற்கும் தோட்டம், அடுத்த பருவத்தில் தன் நாற்றைத் தானே எழுப்பிக்கொள்ளும் தோட்டமாக மாற வேறு வழியில்லை.

கேள்வி: எங்கள் சங்கத்தின் சார்பில் செடிகளை வழங்கும் நாளில் சிறைவாசிகளோடு படம் எடுத்து நாளிதழுக்குக் கொடுக்கலாமா? சங்கத்தின் பெயரைத் தாங்கிய பலகை வைக்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: படம் வேண்டாம். சிறையில் இருப்பது வெளியே தெரியக்கூடாது என்று நினைக்கும் குடும்பங்கள் பல. பிள்ளைகளிடம் அப்பா வெளியூரில் வேலை செய்கிறார் என்றே சொல்லி வளர்ப்பவர்களும் உண்டு. கண்காணிப்பாளரிடம் செடிகளை ஒப்படைக்கும் படம் போதும். பலகைக்கு அனுமதி கிடைத்தால் அதில் சங்கத்தின் பெயருக்குப் பதிலாகச் செடியின் பெயரையும் நட்ட நாளையும் எழுதுங்கள். பயிற்சிக்கு வருபவர்களுக்கு அது உதவும்.

கேள்வி: நான் தோட்டக்கலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சிறை ஒன்றில் பயிற்சியளிக்க ஒப்புதல் கிடைத்துள்ளது. அவர்கள் ஒதுக்கியிருக்கும் இடம் பழைய கட்டடம் ஒன்றை இடித்த முற்றம். மண்ணைத் தோண்டினால் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வருகின்றன. இங்கே எதைப் பயிரிடலாம்? வழக்கமான தோட்டத்திலிருந்து இது எவ்வகையில் மாறுபடும்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சிறை வளாகத்தில் நல்ல மண் கிடைப்பது அரிது என்பதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. 1942 ஆகஸ்ட் முதல் அகமதுநகர் கோட்டையில் அடைக்கப்பட்டிருந்த நேரு அங்கே தோட்ட வேலையில் இறங்கியபோது, கல்லும் பழைய கட்டட இடிபாடுகளும் நிறைந்த மண்ணைத்தான் கொத்த வேண்டியிருந்தது என்று தாமே எழுதியிருக்கிறார். தங்களுக்கு வாய்த்திருப்பதும் அப்படிப்பட்ட மண்தான்.

காரை கலந்த மண் காரத்தன்மையோடு இருக்கும். அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேர் அதை எடுத்துக்கொள்ள இயலாது. இளம் இலைகள் மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் காரணம் அதுவே. நடுவதற்கு முன் நான்கைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவி எடுத்து, கலந்து, அரைக் கிலோ அளவில் மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. சிறைச் சமையற்கூடத்தில் நாள்தோறும் காய்கறிக் கழிவு குவிகிறது. அதை உலர்ந்த இலையோடும் சாணத்தோடும் அடுக்கி மட்கவைக்கத் தொடங்கினால், மண்புழு உரமாகச் செய்யும்போது ஏறத்தாழ 45 முதல் 60 நாளில் பயன்பாட்டுக்கு வரும். இடிபாட்டு மண்ணைத் திருத்த இதைவிட மலிவான மருந்து இல்லை. அதுவரை முற்றத்தின் மேலேயே செங்கல் வரப்பு கட்டி, ஓரடி உயரத்துக்கு வண்டல் மண் நிரப்பிக் கீரைப் பாத்தி அமைக்கலாம். இடிபாட்டிலிருந்து எடுத்த செங்கல்லே வரப்புக்கு ஆகும்.

இடத்துக்குக் கிடைக்கும் வெயிலை வைத்துப் பயிரை முடிவு செய்வது வெளித்தோட்டத்தின் வழக்கம். இங்கே அதற்கும் முன்னதாகக் காவலர் கோபுரத்திலிருந்து பார்வை எங்கெங்கே விழ வேண்டும் என்று கேட்டறிய வேண்டும். ஆளுயரத்துக்கு வளரும் புதரோ, அடர்ந்த வாழைக் குத்தோ பார்வையை மறைக்கும். சுற்றுச்சுவருக்கு அருகே மரமும் கூடாது, பந்தலும் கூடாது. பாகல், புடல், பீர்க்கு ஆகியவற்றுக்குக் கம்பமும் கயிறும் கம்பியும் தேவை; அவை மூன்றுமே சிறை அலுவலருக்குத் தூக்கம் கெடுக்கும் பொருள்கள். அவற்றை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவைத்து, முதலாண்டில் தரையோடு நிற்பவற்றையே வையுங்கள். சிறுகீரை, தண்டுக்கீரை, திரும்பத் திரும்ப அறுக்கத்தக்க அரைக்கீரை, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை ஆகியவை போதும். கத்தரியும் மிளகாயும் நாற்றங்காலில் ஐந்து வாரம் அளவுக்கு இருக்க வேண்டியவை. வெண்டையையும் கொத்தவரையையும் நேரடியாக ஊன்றலாம். ஆடிப்பட்டத்துக்கு முன்பே அனுமதி கிடைத்துவிட்டால், அந்தப் பருவத்தைத் தவறவிடாதீர்கள்.

முருங்கை பற்றித் தனியே சொல்ல வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம் 1 செடிமுருங்கை விதையிலிருந்தே வளர்ந்து ஆறேழு மாதத்தில் காய்க்கும். உயரமாகிறதே என்று அலுவலர்கள் தயங்கினால், ஒரு மீட்டரில் நுனியைக் கிள்ளிக் குட்டையாக வைத்துக்கொள்ளலாம் என்று விளக்குங்கள். முருங்கைக் கிளை ஆள் எடையைத் தாங்காது என்பது நாமெல்லாம் சிறுவயதில் விழுந்து கற்ற பாடம். அவ்வகையில் சிறைக்கு இதைவிடப் பொருத்தமான மரம் கிடையாது. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்ற பழமொழியின் முதற்பாதியே இங்கு நமக்கு வேண்டியது. பிள்ளையை அடித்து வளர்க்கச் சொல்லும் பிற்பாதியை வாயிலிலேயே விட்டுவிடுங்கள்.

தண்ணீர் பாய்ச்சும் நேரத்தைச் சிறையின் நாள்முறைதான் முடிவு செய்யும். மாலையில் எண்ணிக்கை எடுத்து அறைகளைப் பூட்டிய பிறகு, வாடும் நாற்றுக்கு ஒரு குவளை நீர் ஊற்றக்கூட யாரும் வர இயலாது. மறுநாள் அறை திறக்கும்வரை தாங்கும் அளவுக்கு ஈரம் காக்க, வைக்கோலாலோ சருகாலோ மூடாக்குப் போடுவது இங்கே கட்டாயம். பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் உள்ளே வரவே கூடாது. வேப்பங்கொட்டைக் கரைசலையும் மஞ்சள் ஒட்டும் அட்டையையும் கொண்டு சமாளிக்க இயன்றதைச் சமாளித்து, மற்றதை இழப்பாக எழுதிக்கொள்ளுங்கள்.

கருவிகளுக்கு ஒரு பலகை தேவை. ஒவ்வொரு களைக்கொத்தின் உருவத்தையும் பலகையில் வரைந்து, அதன்மேல் அதைத் தொங்கவிட்டால், திரும்பி வராதது எது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். எண்ணிக்கை சரியான பிறகே வகுப்பு முடிந்ததாகக் கொள்ள வேண்டும். கடப்பாரை, அரிவாள், மண்வெட்டி ஆகியவை தண்டனைக் காலத்தின் பெரும்பகுதியை நன்னடத்தையோடு கழித்தவர்கள் வேலை செய்யும் திறந்தவெளிச் சிறைக்கு உரியவை. சிவகங்கை மாவட்டத்துப் புரசடை உடைப்பு, கோயம்புத்தூரின் சிங்காநல்லூர், சேலம் ஆகிய இடங்களிலுள்ள அத்தகைய சிறைகளை மனத்தில் வைத்துக்கொண்டு, மூடிய சிறையின் முற்றத்துக்குத் திட்டம் தீட்டுவதால்தான் பல விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுகின்றன என்பது எமது கருத்து.

கேள்வி: கைதிகளிடம் இலவசமாக வேலை வாங்குவதற்குத் தோட்டம் ஒரு சாக்காக ஆகிவிடாதா? மறுக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்குப் பயிற்சி என்று பெயரிடுவது சரியா?
– வாசகி, மதுரை

பதில்: மற்றவர்கள் கேட்கத் தவறிய கேள்வியைத் தாங்கள் கேட்டிருக்கிறீர்கள். கடுங்காவல் தண்டனை பெற்றவருக்கே வேலை கட்டாயம். வெறுங்காவல் தண்டனை பெற்றவரும் விசாரணைக் கைதியும் விரும்பினால் மட்டுமே வேலை செய்யலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 76 பேர் விசாரணைக் கைதிகள். ஆகவே பெரும்பாலோரைத் தோட்டத்துக்கு அழைக்கலாமே தவிர அனுப்ப இயலாது. வேலை செய்யும் சிறைவாசிக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998ஆம் ஆண்டில் குஜராத் அரசு தொடர்பான வழக்கில் தெளிவுபடுத்தியது. வாரம் இரண்டு மணி நேரம் கற்றுக்கொள்வது பயிற்சி. நாள் முழுதும் பாத்தி கட்டி, விளைந்தது சமையற்கூடத்துக்கோ சிறை அங்காடிக்கோ போகுமானால் அது வேலை. பின்னதற்குக் கூலிப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். தன்னார்வலர்கள் இந்த எல்லையைத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

இதைவிடக் கூர்மையான சிக்கல் ஒன்றும் உண்டு. 2024 அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பது அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில சமூகத்தவருக்குச் சமையல், சிலருக்குத் துப்புரவு என்று சிறை விதிகளிலேயே நெடுங்காலம் எழுதி வைத்திருந்த முறைக்கு அத்தீர்ப்பு முடிவு கட்டியது. ஆனால் தோட்டத்தில் அது வேறு வடிவில் திரும்பி வரக்கூடும். விதை தூவுபவரும் பூப் பறிப்பவரும் ஒரு பக்கம், சாணம் கரைப்பவரும் கழிவு நீர் வாய்க்கால் தூர்வாருபவரும் இன்னொரு பக்கம் என்று ஆட்கள் தாமாகவே பிரிந்து நின்றால், அது தற்செயல் என்று பயிற்றுநர் விட்டுவிடலாகாது. வேலையைச் சுழற்சிப் பட்டியலாக எழுதித் தொங்கவிட்டு, எருக்குழி வேலையைப் பயிற்றுநர் தம்மிலிருந்தே தொடங்கினால் பேச்சுக்கு இடமிருக்காது.

கேள்வி: பெண்கள் தனிச்சிறைக்குப் பூச்செடிகள் கொடுக்கலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். கனகாம்பரம், சாமந்தி, செண்டுமல்லி, மல்லிகை எல்லாம் ஏற்றவை. பூக்கட்டத் தெரிந்தவர்கள் உள்ளே பலர் இருப்பார்கள். மல்லிகையைக் குத்துச்செடியாகக் கவாத்து செய்து வையுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஆறு வயதுவரை குழந்தைகள் தாயோடு சிறையில் இருக்க அனுமதி உண்டு. கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயது அது. முள்ளுள்ள ரோஜாவையும், வெள்ளைப் பால் கசியும் எருக்கு, கள்ளி வகைகளையும், நாவையும் தொண்டையையும் அரிக்கும் டிஃபன்பாக்கியா போன்ற அழகுச் செடிகளையும் தவிருங்கள்.

கேள்வி: தோட்டம் போட்டால் குற்றவாளி திருந்திவிடுவாரா? வெளிநாடுகளில் இதனால் மறுபடி சிறைக்கு வருபவர்கள் குறைந்துவிட்டதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா?
– வாசகர், சென்னை

பதில்: அத்தகைய கணக்குகளைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். தோட்ட வகுப்புக்குத் தாமாக முன்வருபவர்கள், வராதவர்களைவிட முன்பே மாறத் தயாராக இருந்தவர்களாக இருக்கலாம். அப்படியானால் வேறுபாடு முழுவதையும் செடியின் கணக்கில் எழுத இயலாது. நிறுவனங்கள் வெளியிடும் எண்களைவிட, அவை எப்படி வேலை செய்கின்றன என்பதில் நமக்குக் கற்க வேண்டியது மிகுதி.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வனச் சூழலியலாளர் நளினி நட்கர்னி சிடார் கிரீக் சிறைவாசிகளோடு பாசி வளர்க்கும் பணியைத் தொடங்கினார். பூ வணிகத்துக்காகப் பழங்காடுகளிலிருந்து பாசி உரித்தெடுக்கப்படுவதைக் குறைக்க, அதை வளர்த்தெடுக்க இயலுமா என்பது அவரது ஆய்வுக் கேள்வி. பாசிக்குக் கூரிய கருவி எதுவும் தேவையில்லை. நாள்தோறும் பார்த்துக் குறிப்பெழுதப் பொறுமை வேண்டும். சிறையின் கட்டுப்பாட்டுக்கு ஏற்ற பயிரைத் தேர்ந்த இந்த அறிவைத்தான் நாம் பின்பற்ற வேண்டும். சான் பிரான்சிஸ்கோ மாவட்டச் சிறையில் தோட்டம் தொடங்கிய கேத்தரின் ஸ்னீட், விடுதலையான பிறகு செல்ல இடமில்லாமல் தவித்தவர்களைப் பார்த்து, 1992ஆம் ஆண்டில் வெளியே ‘கார்டன் புராஜெக்ட்’ என்ற அமைப்பை உருவாக்கி அவர்களுக்கு வேலை கொடுத்தார். நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் தோட்டம் நடத்திய தோட்டக்கலைச் சங்கமும், வெளிவந்தவர்களுக்கு நகரிலேயே ஊதியத்தோடு தோட்டப் பணி கொடுத்தது. உள்ளே தொடங்கிய இவ்விரு முயற்சிகளும் பிறகு வெளியே வந்து நிற்க வேண்டியதாயிற்று.

எனவே தங்கள் கேள்விக்கு விடை பெரும்பாலும் வாயிலுக்கு வெளியேதான் இருக்கிறது. ஒட்டுக் கட்டவும், பதியம் போடவும், குழித்தட்டில் நாற்று எழுப்பவும் தெரிந்த ஆளுக்கு நாற்றங்கால்களில் வேலை உண்டு. பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் கொடுங்கள். ஆனால் அதில் பயிற்சி நடந்த இடமாகச் சிறையின் பெயர் வரக்கூடாது. பயிற்றுவித்த அமைப்பின் பெயரும், கற்ற வேலைகளின் விவரமும் போதும். முடிந்தால் வேளாண் திறன் குழுமத்தின் அங்கீகாரமுள்ள தோட்டப் பணியாளர் சான்றிதழுக்கே ஏற்பாடு செய்யலாம்.

முதல் கேள்வியைக் கேட்ட விழுப்புரம் வாசகருக்கு இங்கே மேலும் ஒன்று: தேங்கிய செடிகளைக் கொடுப்பதோடு, விடுதலையாகி வரும் ஒருவருக்குத் தங்கள் நாற்றங்காலில் ஆறு மாத வேலை தருவதாகவும் அந்த ஒரு பக்க விண்ணப்பத்தின் கடைசி வரியில் எழுதித் தர இயலுமா என்று யோசித்துப் பாருங்கள். கண்காணிப்பாளர் அந்த வரியைத்தான் முதலில் படிப்பார்.